பிரேக்கை மிதித்தால் நடுங்கும் காரும் கயிற்றில் ஒட்டிய மணலும்

மாசிக் கொடை முடிந்து கூட்டம் ஓய்ந்த பிறகுதான் அம்மைக்கு மண்டைக்காட்டுக்குப் போகப் பிடிக்கும். "அப்பந்தான் அம்மன் நம்மளைப் பாப்பா" என்பாள். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை நாகர்கோவிலிலிருந்து ராஜாக்கமங்கலம் வழியாகக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாண்டிவிளை தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை. மணவாளக்குறிச்சி ஜங்ஷனில் முன்னால் போன பஸ் நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கப் போகிற அந்தக் கடைசி நொடியில் இஞ்சின் முக்கி முனகியது. ஸ்டீரிங்கும் சீட்டும் சேர்ந்து நடுங்கின. ஆஃப் ஆகிவிடும் என்று நினைத்தேன், எப்படியோ பிழைத்துக்கொண்டது.

"ஏன் மக்களே, வண்டிக்கு நடுக்கக் காய்ச்சலா?"

"பழைய வண்டில்லாம்மா, அப்பிடித்தான் இருக்கும்."

திரும்பி வரும்போது அம்மை இன்னொன்றும் சொன்னாள். "நீ சவிட்டும்போதுதான் நடுங்குது. காலை எடுத்தா அடங்குது. பாத்தியா?" அம்மைக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்த தப்பு அதுதான்.

அடுத்த நாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார்கள். பி0171 என்று ஒரு கோடு வந்தது. கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். "ஆக்சிஜன் சென்சார் போயிட்டு சார், மாத்திருவோம்" என்றார்கள். மாற்றினார்கள். த்ராட்டில் பாடியையும் துடைத்துக் கொடுத்தார்கள். ரெண்டு நாள் நன்றாக இருந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் கோட்டார் ரயில்வே கேட்டில் மறுபடியும் அதே நடுக்கம்.

கழற்றின பழைய சென்சாரைப் பேப்பரில் சுற்றிக் கையில் தந்திருந்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு நான் வாங்கின அனுபவம் அது ஒன்றுதான் என்பதால், அது என்ன சாமான் என்று படிக்கத் தொடங்கினேன். ஒரு விரல் நீளம். நுனியில் துளைபோட்ட இரும்பு மூடி. மூடிக்குள்ளே தையல்காரர் விரலில் மாட்டும் அங்குஸ்தான் மாதிரி ஒரு பீங்கான் குப்பி. அந்தப் பீங்கானின் பெயர் சிர்கோனியா. சிர்கோனியா எதிலிருந்து வருகிறது? சிர்கான் மணலிலிருந்து. சிர்கான் எங்கே கிடைக்கும்? எந்த ஜங்ஷனில் வண்டி நடுங்கியதோ, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், சின்னவிளை பெரியவிளை கடற்கரையில்.

என் காரில் இருந்த சிர்கோனியா எங்கள் கடற்கரை மணல்தான் என்று சொல்ல வரவில்லை. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சிர்கான் நிறைய எடுக்கிறார்கள். ஆனால் எங்கள் மணலும் இந்தச் சென்சாரும் ஒரே வீட்டில் பிறந்து பிரிந்துபோன கதை ஒன்று உண்டு. அந்த வீடு விளக்கு வியாபாரம்.

கயிற்றோடு போன அழுக்கு

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைக் கையில் அள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு நிறம் இல்லை. கறுப்பாகத் தெரிவது இல்மனைட். சிவப்பு கார்னெட். தேன் நிறத்தில் மினுங்குவது மோனசைட். நிறமே இல்லாமல் கண்ணாடிப் பொடி மாதிரி இருப்பது சிர்கான். இது போக ரூட்டைல், சில்லிமனைட். மலைப்பாறைகள் லட்சக்கணக்கான வருஷம் கரைந்து, வள்ளியாறு மாதிரி ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போனது. தென்மேற்குப் பருவத்தில் கடல் அதைப் புரட்டி, இலேசான மணலை இழுத்துக்கொண்டு, கனமானதைக் கரையில் போட்டுவிட்டுப் போகும். முறம் வைத்துப் புடைக்கிற வேலைதான், கடல் செய்கிறது.

கரையில் இருந்தவர்களுக்கு அது வெறும் கறுப்பு மண். அந்த நாளில் திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏராளமாகப் போன சரக்கு தேங்காய்நார்க் கயிறு. கயிற்றோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மணலும் போனது. ஜெர்மனியில் ஷோம்பர்க் என்ற வேதியியலாளர் 1909ல் அந்த மணலைக் கவனித்தார். உதறிவிட வேண்டிய அழுக்குக்குள் மோனசைட் இருந்தது. வேறொருவராக இருந்தால் சரக்கு சுத்தமில்லை என்று விலையைக் குறைத்திருப்பார். இவர் கயிறு எந்தக் கரையிலிருந்து வந்தது என்று விசாரித்துக்கொண்டு கிளம்பி வந்தார். அடுத்த வருஷமே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது.

மோனசைட்டுக்கு அப்போது அவ்வளவு கிராக்கி ஏன்? பெட்ரோமாக்ஸ் விளக்கு பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். கொடைக்கும் கல்யாணத்துக்கும் தலையில் தூக்கிக்கொண்டு போவார்களே, அந்த விளக்கில் வெளிச்சம் தருவது தீ இல்லை, அதில் கட்டுகிற மேன்டில். வெள்ளைப் பட்டுப்பை மாதிரி இருக்கும், பற்றவைத்தால் துணி எரிந்து சாம்பல் கூடு மட்டும் நிற்கும். அந்தக் கூடுதான் சூடாகிப் பளபளவென்று ஒளிர்கிறது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் அவர் ஃபான் வெல்ஸ்பாக் என்பவர் 1885லிருந்து இதோடு மல்லுக்கட்டி, 1891ல் சரியான சேர்மானத்தைக் கண்டுபிடித்தார். 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. ரெண்டும் மோனசைட்டில் இருக்கிறது. ஐரோப்பாவின் தெருவெல்லாம் கேஸ் விளக்கு எரிந்த காலம். மோனசைட் பிரேசிலிலிருந்து வந்துகொண்டிருந்தது. எங்கள் மணலில் தோரியம் அதைவிடக் கூடுதல்.

முதல் உலகப்போர் வந்தது. ஜெர்மன்காரர் கையிலிருந்த தொழில் ஆங்கிலேயக் கம்பெனிகள் கைக்குப் போனது. பிறகு மின்சார விளக்கு வந்து கேஸ் விளக்கைத் தின்றது. மேன்டில் வியாபாரம் படுத்தபோது, அதுவரை மோனசைட்டை எடுத்துவிட்டு ஒதுக்கி வைத்த கறுப்பு இல்மனைட்டுக்கு மவுசு வந்தது. வெள்ளைப் பெயிண்டுக்கு அதிலிருந்து டைட்டானியம் எடுக்கிறார்கள். 1922ல் மணவாளக்குறிச்சியிலிருந்து இல்மனைட் ஏற்றுமதி தொடங்கியது. நேற்றைய குப்பை இன்றைய சரக்கு. அப்புறம் அணுசக்தி வந்தது, தோரியத்துக்கு வேறொரு மதிப்பு வந்தது. 1950ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தொடங்கி, 1952ல் ஆலுவாவில் மோனசைட்டைப் பகுக்கும் தொழிற்சாலை திறந்தார்கள். மணவாளக்குறிச்சி ஆலையும் பிற்பாடு அதன் கீழ் வந்தது. நடுவில் 1956 நவம்பர் 1ல் நாங்கள் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து சென்னை மாகாணத்தோடு சேர்ந்தோம். மணல் அதே இடத்தில்தான் கிடந்தது.

ஆலையில் மணலைப் பிரிக்கும் முறையைக் கவனித்தால் சிர்கானின் குணம் தெரியும். இல்மனைட் காந்தத்தில் பச்சென்று ஒட்டும். மோனசைட் பலமான காந்தத்துக்குக் கொஞ்சம் மசியும். ரூட்டைல் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். சிர்கான் ரெண்டுக்கும் மசியாது. காந்தத்துக்கும் ஒட்டாமல், மின்சாரத்தையும் விடாமல், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரிக் கடைசியில் மிஞ்சும். பெரும்பாலும் தரை ஓடு, வாஷ்பேசின் மேல்பூச்சுக்கும், வார்ப்படம் ஊற்றும் பட்டறைகளுக்கும் போகும்.

மின்சாரத்துக்கு மசியாத இந்தப் பிள்ளைதான் என் காரில் மின்சாரத்தால் பேசிக்கொண்டிருந்தது. அதைப் பேச வைத்தவர் இன்னொரு விளக்குக்காரர்.

தோற்றுப்போன விளக்கு

வால்ட்டர் நெர்ன்ஸ்ட் ஜெர்மனியில் கட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1920ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு வாங்கினவர். எடிசன் பல்பில் கரி இழை இருந்த நாட்கள் அவை. வெளிச்சம் மங்கல், ஆயுசும் குறைவு. இழைக்குப் பதிலாக ஒரு பீங்கான் குச்சியைப் போட்டால் என்ன என்று 1897ல் யோசித்தார். சிர்கோனியாவில் இட்ரியா என்ற இன்னொரு ஆக்சைடைக் கொஞ்சம் கலந்து மெல்லிய குச்சியாக்கினார். ஆறிக் கிடக்கும்போது அதில் மின்சாரம் போகாது. சூடாக்கினால் போகும். போகத் தொடங்கினால் அந்தச் சூட்டிலேயே வெள்ளை வெளேரென்று எரியும். ஆரம்ப விளக்குகளைத் தீக்குச்சி கிழித்துச் சூடுகாட்டித்தான் கொளுத்தினார்கள். மின்சார விளக்குக்குத் தீக்குச்சி! 1900ல் பாரிஸ் பொருட்காட்சியில்கூட இந்த விளக்கு எரிந்தது. பிறகு டங்ஸ்டன் இழை வந்தது, சுவிட்சைத் தட்டினால் உடனே எரிந்தது. தீக்குச்சி விளக்கை மறந்துவிட்டார்கள்.

விளக்கு போனது, கேள்வி மிஞ்சியது. கெட்டிப் பீங்கானுக்குள் மின்சாரம் எப்படிப் போகிறது? கம்பியில் போகிற மாதிரி எலெக்ட்ரான் போகவில்லை. ஆக்சிஜன் அயனியே பீங்கானுக்குள் இடம்விட்டு இடம் நகர்ந்து போகிறது. இட்ரியா கலக்கும்போது உள்ளே சில இருக்கைகள் காலியாகின்றன. சூடேறினால் ஆக்சிஜன் அயனி காலி இருக்கையில் போய் உட்காரும், அது விட்ட இடத்தில் அடுத்தது வந்து உட்காரும். 1943ல் கார்ல் வாக்னர் இதை விளக்கினார். அப்படியானால் பீங்கானின் ஒரு பக்கம் ஆக்சிஜன் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால், கூடின பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நகரப் பார்க்கும். அதிலே ஒரு சின்ன வோல்டேஜ் பிறக்கும். எவ்வளவு வோல்டேஜ் என்று கணக்குப் போட ஒரு சமன்பாடு ஏற்கெனவே இருந்தது. அது 1889ல் எழுதப்பட்டது. எழுதியவர் அதே நெர்ன்ஸ்ட். கார் என்றால் உயிரை விடுகிறவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். தன் குச்சியும் தன் சமன்பாடும் ஒருநாள் கார் சைலன்சருக்குள் சந்திக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

1976ல் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்த சென்சாரோடு கலிபோர்னியாவுக்கு வோல்வோ கார்கள் போயின. அங்குஸ்தான் குப்பியின் உள்பக்கம் வெளிக்காற்று, வெளிப்பக்கம் இஞ்சின் விட்ட புகை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது முழுசாக எரியும் கணக்கு. புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால், அதாவது காற்று கூடிப்போனால், சென்சார் 0.1 வோல்ட் பக்கம் காட்டும். பெட்ரோல் கூடிப்போனால் 0.9 பக்கம் போகும். இதைப் பார்த்து இஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். சும்மா இல்லை, நொடிதோறும்.

புகையைச் சுத்தம் பண்ணும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் ஒரு பழைய ஆள் இருக்கிறார். ஆக்சிஜன் கூடினால் பிடித்து வைத்து, குறைந்தால் விட்டுக்கொடுக்கும் வேலையைச் செய்வது சீரியம் ஆக்சைடு. மேன்டிலில் நூற்றில் ஒரு பங்கு இருந்த அதே சீரியம். பெட்ரோமாக்ஸில் இருந்தவரும் நெர்ன்ஸ்ட் விளக்கில் இருந்தவரும் விளக்கு அணைந்த பிறகு காருக்கு அடியில் ஒரே குழாயில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள்.

சாயா நிறம்

சரி, சென்சார் வருவதற்கு முன்னால் மெக்கானிக்குகள் என்ன செய்தார்கள்? அவர்களும் புகையைத்தான் படித்தார்கள், கண்ணாலும் மூக்காலும்.

இதை எனக்குச் சொன்னவர் திங்கள்சந்தைப் பக்கம் இருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. அம்பாசிடர் டாக்சிகளில் கைபழகியவர். என் காரை நான் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியது அவரிடம்தான். "அம்பாசிடர் ஐட்லிங்ல நடுங்கினா கார்புரேட்டர்ல ரெண்டு ஸ்க்ரூ. ஒண்ணு ஸ்பீடு, ஒண்ணு கலவை. ஸ்க்ரூட்ரைவரைக் காதுல வச்சிக்கிட்டே திருக வேண்டியதுதான். பிளக்கைக் கழத்துனா மூஞ்சியிலே எழுதியிருக்கும். கரி பிடிச்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தா காத்து ஜாஸ்தி. சாயா நிறத்துல இருந்தா செரி."

சாயா நிறம் என்று அவர் சொல்வதுதான் 14.7. ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் அந்த எண் தெரியாமலே அதைக் கண்ணால் பிடித்திருக்கிறார்கள்.

இந்தியாவில் இது மாறத் தொடங்கியது 1995 ஏப்ரல் 1ல். டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை நகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆனது. அதற்கு ஈயம் கலக்காத பெட்ரோல் வேண்டும், ஏனென்றால் ஈயம் கன்வெர்ட்டரையும் சென்சாரையும் மூச்சடைத்துக் கொன்றுவிடும். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. திருகுவதற்கு ஸ்க்ரூ இல்லை. மெக்கானிக்கின் காதும் கண்ணும் செய்த வேலையைச் சென்சார் எடுத்துக்கொண்டது. அதோடு ஒரு புதுப் பழக்கமும் வந்தது: ஸ்கேனரில் எந்தச் சென்சாரின் பேர் வருகிறதோ அதை மாற்றுவது.

நண்டு வளை

அண்ணாச்சி முதலில் ஸ்கேனரை எடுக்கவில்லை. என்னிடம் கேள்விதான் கேட்டார். வண்டி ஓடும்போது நடுக்கம் உண்டா? இல்லை. ஏசி போட்டால் மட்டுமா? போடாவிட்டாலும் உண்டு. காலையில் குளிர்ந்த இஞ்சினிலா, சூடான பிறகா? ரெண்டிலும். "நிக்கப் போகும்போது மட்டும். செரி."

பிறகு விளக்கினார். ஓடும்போது இஞ்சின் நிறையக் காற்றை இழுக்கும். அதிலே ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கொஞ்சம் திருட்டுக் காற்று நுழைந்தால் ஒன்றும் தெரியாது. நிற்கப் போகும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிடுகிறோம். த்ராட்டில் மூடிக்கொள்கிறது, இஞ்சின் எழுநூறு எண்ணூறு சுற்றுக்கு இறங்குகிறது, இழுக்கும் காற்று கொஞ்சம்தான். அப்போது அந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. "வாய்க்கால் நெறஞ்சு போகும்போது வரப்புல நண்டு வளை இருக்கது தெரியுமா தம்பி? தண்ணி வத்தும்போதுதான் தெரியும்."

பிளக் நாலையும் கழற்றிக் காட்டினார். நாலும் ஒரே மாதிரி வெளுப்பு. "ஒண்ணு மட்டும் வெளுத்தா அந்தச் சிலிண்டர்ல குத்தம். நாலும் வெளுத்தா பொதுக் குத்தம்." அதன் பிறகுதான் ஸ்கேனர். கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்று காட்டும் எண்ணைப் பார்த்தார். ஐட்லிங்கில் 18 சதவீதம் கூடுதல். ஆக்சிலேட்டரை மிதித்து 2500 சுற்றில் வைத்தால் 4 சதவீதம். நண்டு வளை உண்டு என்பது உறுதி. பெட்ரோல் பம்ப் சோர்ந்திருந்தால் கணக்கு தலைகீழாக இருக்கும், வேகம் கூடக்கூடக் குறை கூடும். இங்கே வேகம் கூடினால் குறை மறைகிறது.

"வளை எங்கே இருக்குன்னு பாப்போம். நீங்க பிரேக்கைச் சவிட்டுங்க."

மிதித்தேன். காலுக்கு அடியில், டாஷ்போர்டுக்குள்ளிருந்து பாம்பு சீறுகிற மாதிரி மெல்லிய சத்தம். இஞ்சின் நடுங்கியது. எண் மேலே ஏறியது. காலை எடுத்தேன், அடங்கியது. பானெட்டுக்குள் பிரேக் பூஸ்டருக்குப் போகிற ரப்பர் குழாயைத் துணி சுற்றிக் கிளாம்பால் நெரித்துப் பிடித்துக்கொண்டு, "இப்ப சவிட்டுங்க" என்றார். மிதித்தேன். பெடல் கல் மாதிரி இருந்தது. இஞ்சின் அசையவே இல்லை.

பூஸ்டர் என்பது பிரேக் மிதிக்கிற நம்முடைய காலுக்கு ஒத்தாசை செய்யும் தட்டையான டப்பா. 1920களில் பெல்ஜியம் நாட்டு டெவாண்டர் என்ற இஞ்சினியரின் யோசனை. இஞ்சின் காற்றை இழுப்பதால் வரும் வெற்றிடம் டப்பாவுக்குள் இருக்கும், நடுவில் ஒரு ரப்பர் சவ்வு. பெடலை மிதித்தால் சவ்வின் ஒரு பக்கம் வெளிக்காற்று நுழைந்து, சவ்வைத் தள்ளி, நம்முடைய பலத்தைப் பல மடங்காக்கும். என் காரில் அந்தச் சவ்வு கிழிந்திருந்தது. மிதிக்கும்போதெல்லாம் வெளிக்காற்று கிழிசல் வழியாக இஞ்சினுக்குள் போனது. கடைசியாக ஒரு சோதனையும் செய்தார். இஞ்சினை ஆஃப் செய்து, பெடலை அஞ்சாறு தடவை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நல்ல பூஸ்டராக இருந்தால் பெடல் இலேசாகக் கீழே இறங்கும். என்னுடையது இறங்கின மாதிரியே இல்லை. (இதை யாரும் வீட்டு முற்றத்தில் செய்து பார்க்கலாம். ஆனால் குழாயை நெரித்து வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டிவிடாதீர்கள், பிரேக் பிடிக்காது.)

எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. இஞ்சின் நடுங்குகிறது என்று நினைத்து நான் ரெண்டு வாரம் ஓட்டியது பிரேக் போய்க்கொண்டிருந்த வண்டியை. பெடல் கொஞ்சம் கனமாகி வந்ததைக்கூட என் கால் பழகிக்கொண்டிருக்கிறது. அம்மையை உட்கார வைத்து மண்டைக்காடு, குளச்சல் என்று சுற்றியிருக்கிறேன்.

"அப்போ அந்தச் சென்சார் கெட்டுப்போனதுன்னு சொன்னாங்களே அண்ணாச்சி?"

பழையதைக் கேட்டார். கார் டிக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வைஸில் கடித்துப் பிடிக்க வைத்து, அதன் ஒயரில் மல்டிமீட்டரைக் கோத்து, சின்ன கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து நுனியில் தீயைக் காட்டினார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. இரும்பு மூடி சிவக்கத் தொடங்கியதும் மீட்டர் அசைந்தது. 0.3, 0.6, 0.8. தீயை விலக்கினார். சரசரவென்று இறங்கி 0.1. மறுபடி தீ, மறுபடி 0.8. தீக்குச்சி காட்டினால் எரிகிற அந்த 1897ஆம் வருஷத்து விளக்கை நேரில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

"இது சாகலை தம்பி. காத்து ஜாஸ்தி, காத்து ஜாஸ்தின்னு உள்ளதைத்தான் சொல்லியிருக்கு. சேதி கொண்டு வந்தவனை அடிச்சுப் போட்டாச்சு."

மிச்சம்

பூஸ்டரை மாற்றினோம். பழைய சென்சாரே மறுபடி காரில் ஏறியது, புதியது அலமாரியில் தூங்குகிறது. அதற்குப் பிறகு வண்டி எங்கே நின்றாலும் நடுக்கமில்லை.

இந்தக் கதையை நான் ரெண்டு விதமாகவும் பார்க்கிறேன். பழைய மெக்கானிக்கே மேல், ஸ்கேனர் தண்டம் என்று சிலர் சொல்வார்கள். அப்படி இல்லை. 18, 4 என்ற எண்ணைச் சொன்னது ஸ்கேனர்தான். அந்த எண்ணை ஸ்கேனருக்குக் கொடுத்தது சிர்கோனியா குப்பிதான். குறை கருவியில் இல்லை. சேதி வருகிறபோது அதைச் சேதியாகப் பார்க்கிறோமா, கோளாறாகப் பார்க்கிறோமா என்பதில் இருக்கிறது. கயிற்றில் ஒட்டின மணலை எத்தனையோ பேர் உதறியிருப்பார்கள். ஒருவர் அதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியால் எங்கள் கடற்கரையின் நூறு வருஷ வரலாறே மாறிப்போனது. நல்லதுக்கா கெட்டதுக்கா என்பது மணவாளக்குறிச்சியில் யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆலையில் சம்பளம் வாங்கினவர் ஒன்று சொல்வார், கரை அரிப்பில் வீடு நெருங்கி வந்தவர் வேறொன்று சொல்வார். ரெண்டையும் உட்கார்ந்து கேட்க வேண்டும். எண் எது, நண்டு வளை எது என்று பார்க்காமல் சொல்கிறவரை மாற்றிவிடுவது சுலபமான வேலை.

வண்டி சரியான பிறகு அம்மையை மறுபடியும் மண்டைக்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மணவாளக்குறிச்சி ஜங்ஷனில் இந்தத் தடவையும் ஒரு பஸ் நின்றது. பிரேக்கை மிதித்தேன். கார் பூ மாதிரி நின்றது. நான் பெருமையாக பூஸ்டர், சவ்வு, சிர்கோனியா, நெர்ன்ஸ்ட் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அம்மை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "சவிட்டும்போதுதான் நடுங்குதுன்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா."